கம்பித் தையல் போட்ட தட்டு



பழைய நீல வெள்ளைப் பீங்கான் தட்டுகளைச் சேகரிப்பவர்கள் தட்டைக் கையில் எடுத்ததும் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள். சின்ன மூளி இருந்தாலும் கீழே வைத்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் செய்த ‘வில்லோ’ தட்டுகளையே எடுத்துக்கொள்வோம். பாலத்தின் மேல் மூன்று பேர், வானத்தில் இரண்டு பறவைகள் இருக்குமே, அதுதான். சீனத்துக் காதல் கதை என்பார்கள். உண்மையில் சீனப் பாணியைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் வரைந்த படம் அது. கதையும் அவர்கள் கட்டியதுதான். வியாபாரம்!

ஆனால் வேலைப்பாடு அருமை. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, கோபால்ட் மை தடவி, மெல்லிய தாளில் அச்செடுத்து, ஒருமுறை சுட்ட தட்டின் மேல் ஒட்டித் தேய்ப்பார்கள். தாளைக் கழுவி எடுத்து, பளபளப்புப் பூச்சு கொடுத்து, மறுபடி சூளையில் வைப்பார்கள். 1784 வாக்கில் ஜோசையா ஸ்போட் செம்மைப்படுத்திய முறை இது. விளிம்புப் பூவேலையை உற்றுப் பாருங்கள். தாளின் இரு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு பூ பாதியில் நிற்கும். யாரோ ஒருவர் கையால் ஒட்டிய அடையாளம் அது.

அதே போன்ற அடையாளம்தான் கம்பித் தையலும். இன்றைய பசைகள் வராத காலத்தில், உடைந்த தட்டின் பின்புறம் பாதி ஆழத்துக்குத் துளையிட்டு, உலோகக் கம்பியை ஸ்டேப்ளர் பின் மாதிரி வளைத்து இறுக்கினார்கள். முன்பக்கம் ஒரு கோடு மட்டும் தெரியும். சீனாவில் இதற்கென்றே ஆட்கள் தெருத்தெருவாக வந்தார்கள், நம் ஊருக்கு ஈயம் பூசுகிறவர் வந்தது போல. ஒரு தட்டை எறிய மனமில்லாமல் காசு கொடுத்துச் சரிசெய்திருக்கிறது ஒரு குடும்பம். அதைப் போய் மட்டம் என்றால் எப்படி?

முழுசாக இருந்தால்தான் விலை என்பதால், சில வியாபாரிகள் கம்பியைப் பிடுங்கி, துளையை அடைத்து, மேலே நீலம் தீட்டிப் ‘பழுதே இல்லாதது’ என்று விற்கிறார்கள். புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தால் தீட்டிய இடம் பெரும்பாலும் தனியாகத் தெரியும். தையல் போட்டதோ பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். பென்ஷன்காரர்கள் கவனிக்க!

ஒன்று மட்டும்: பழைய தட்டில் சாப்பிடாதீர்கள். அக்காலப் பூச்சில் காரீயம் உண்டு. புளிக்குழம்பு பட்டால் அது உணவில் இறங்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். கம்பியைத் தேய்த்து மினுக்க மட்டும் வேண்டாம்.