புதுக் காடியும் பூம் பூம் சத்தமும்

நம்ம அப்பா அம்மா தோட்டத்து லோரியில ஏறி ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்துக்கு வந்தவங்க. இப்ப பிள்ளைங்க பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வாங்கி பூஜைக்குக் கொண்டு வர்றாங்க. கெடா கூலிம்ல பூட்டுற வண்டி. உழைச்சு வாங்குறாங்க, எங்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆனா பூஜை போட்ட மறுவாரமே பின்னால பெரிய வூஃபர் பெட்டி ஏறிடுது. கார் நிறுத்துற இடத்துல போடுற சத்தம் மூலஸ்தானம் வரைக்கும் அதிருது. அபிஷேக நேரத்துல குருக்கள் சொல்ற மந்திரம் காதுல விழல.

நல்ல சவுண்டு வேணாம்னு நாங்க சொல்லல. முதல்ல வண்டியோட பழகுங்க. வண்டியோட கொடுக்கிற புத்தகமே முதல் 2,000 கிலோமீட்டர் இஞ்சினை விரட்டாதீங்கன்னு சொல்லுது. அதுவரைக்கும் உள்ள இருக்கிறதையே கேளுங்க. அந்த வண்டிக்கு முன் சீட்டு அடியிலேயே வூஃபர் இருக்கு, பல பேருக்குத் தெரியாது.

பத்தலன்னா முன் ஸ்பீக்கரை மாத்தி, சின்ன ஆம்ப்ளிஃபையர் வைங்க. கதவுக்குள்ள அதிர்வை அடக்குற ஷீட் ஒட்டுங்க. வயரை வெட்டாம, சாக்கெட்டுல சொருகி வேலை செய்யிற கடையா பாருங்க. வெட்டிட்டா வாரண்டி தகராறு வரும். இப்படிச் செஞ்சா நாதஸ்வரம் தனியா, தவில் தனியா கேக்கும். பெரிய பெட்டியில தவில் மட்டும்தான், அதுவும் தகர டின்னைத் தட்டுற மாதிரி.

வெள்ளிக்கிழமை கார் பூஜைக்கு வர்றவங்க வாசல்லயே பாட்டை நிறுத்திடுங்க. எலுமிச்சம்பழம் நாங்க தர்றோம், தேங்காய் மட்டும் கொண்டு வாங்க.