ஏரியைப் பச்சையாக்கும் மணிச்சத்து

2014 ஆகஸ்ட் 2 அதிகாலையில் அமெரிக்காவின் டொலீடோ நகர நிர்வாகம் மக்களை எச்சரித்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள். காய்ச்சினால் நஞ்சு அழியாது, நீர் சுண்டி அதன் செறிவுதான் கூடும். நகரம் குடிநீர் எடுக்கும் ஈரி ஏரியில் பெருகிய மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சைத் தண்ணீரில் கலந்திருந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் மூன்றாம் நாள் காலைவரை குடிநீருக்கு அல்லாடினார்கள்.

இப்படிப்பட்ட செய்திகளால் பாசி என்றாலே பகை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அது தவறு. வெயிலை உணவாக மாற்றி ஏரிக்குள் உயிரோட்டத்தைத் தொடங்கிவைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளே. மணல்சத்தால் ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் என்ற நுண்பாசிகளை நீர்த்தெள்ளுகள் தின்கின்றன. நீர்த்தெள்ளுகளை மீன்குஞ்சுகள் தின்கின்றன. மைக்ரோசிஸ்டிஸ் அப்படியல்ல. கொழகொழப்பான திரளாகக் கூடுவதால் நீர்த்தெள்ளுகளால் அதை எளிதில் விழுங்க முடியாது. மேலே மிதந்து வெயிலை மறைக்கும். மடிந்து அழுகும்போது ஆக்ஸிஜனை உறிஞ்சித் தீர்த்து மீன்களைக் கொல்லும்.

நல்ல பாசியின் இடத்தை இது பிடிப்பது எதனால்? 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், '226' என்று எண்ணால் மட்டுமே அழைக்கப்பட்ட ஓர் ஏரியை, ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் நடுவே திரை கட்டிப் பிரித்தனர். இரண்டு பக்கமும் கரிமமும், நைட்ரஜன் என்ற தழைச்சத்தும் இட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்தையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் பச்சைக் குழம்பாயிற்று. மற்றது தெளிவாகவே கிடந்தது. கரிமம்தான் காரணம் என்று வாதாடிவந்த, பாஸ்பரஸ் கலந்த சோப்புத்தூள் விற்ற நிறுவனங்களுக்கு, வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படமே பதிலானது. தழைச்சத்துக்கும் பங்கு உண்டு என்போரின் வாதத்தையும் நான் ஒதுக்கமாட்டேன்; மைக்ரோசிஸ்டிஸால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க முடியாது. ஆனாலும் முதலில் அடைக்க வேண்டிய வழி மணிச்சத்தின் வழியே.

ஈரி ஏரி அதற்குச் சான்று. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் கழிவுநீரிலும் சோப்புத்தூளிலும் பாஸ்பரஸ் குறைந்தது; ஏரி தேறியது. 1990களின் நடுவிலிருந்து, வயலில் இட்ட உரத்தின் பாஸ்பரஸ் மழையில் கரைந்து மாமீ ஆறு வழியாக ஏரிக்கு வருவது கூடியது. பாசியும் திரும்பியது.

ஏரி பச்சையானதும் மயில்துத்தம் தூவுவது தீர்வாகாது. அது பாசியின் செல்களை உடைத்து உள்ளிருக்கும் நஞ்சைத் தண்ணீரில் கொட்டிவிடும். சாக்கடை வந்து சேரும் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு பாசியை மட்டும் அள்ளுவதும் பொதுப்பணத்தை வீணடிப்பதே. எது எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்ற கணக்கு முதலில் வேண்டும். மாமீ ஆற்று நீரை ஒஹாயோவின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1970களிலிருந்து சோதித்துவந்ததால்தான், கரைந்த பாஸ்பரஸ் கூடிவந்தது தெரிந்தது. நம் குடிநீர் ஏரிகள் ஒவ்வொன்றுக்கும் அப்படியொரு கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கும்படி அரசைக் கேட்க வேண்டும்.