வீட்டுக்குக் காவல் துவக்கு அல்ல

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும், கார்க் களவையும் வீடுடைப்பையும் பற்றிப் பேசாமல் நம்மவரின் ஒரு பிறந்தநாள் விருந்துகூட இப்போது முடிவதில்லை. பேச்சுச் சூடேறியதும் யாராவது ஒருவர் சொல்வார்: "நானும் ஒரு துவக்கு எடுக்கத்தான் போறன்." உடனே எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். அந்தக் கூட்டத்தில் துவக்கு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். "நல்லது அண்ணை, எடுங்கோ" என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். துவக்கு வைத்திருப்பவன் என்ற முறையிலேயே என் பதிலை இங்கே எழுதுகிறேன்: வீட்டைக் காக்கவென்று துவக்கு வாங்காதீர்கள்.

என்னிடம் இருப்பது ஒரு லீவர் துவக்கு. மார்லின் 336, .30-30 தோட்டா. விசையைச் சுற்றி விரல்கள் நுழையும் ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட கோது வெளியே விழும். அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. டெக்ஸ் வில்லரின் கையில் இருப்பது இந்த இனம்தான். கனடாவில் 2022 ஒக்ரோபரிலிருந்து கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டிருக்கிறது. 2020 மே மாதம் ஏறத்தாழ 1,500 வகைத் துவக்குகள் தடைசெய்யப்பட்டன. வேட்டைக்காரரின் வழமையான லீவர் துவக்கு இன்னும் கடையில் கிடைக்கிறது. அதனால்தான் "உம்மட மாதிரி ஒண்டு எடுக்கலாமோ?" என்று கேட்கிறார்கள்.

எடுத்து என்ன செய்வீர்கள்? சட்டப்படி அது வீட்டில் தோட்டா இறக்கிய நிலையில்தான் இருக்க வேண்டும். விசைக்குப் பூட்டுப் போட வேண்டும், அல்லது எளிதில் உடைக்க முடியாத பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். தோட்டாக்களும் கைக்கெட்டக் கூடாது. அல்லது அவையும் பூட்டுக்குள். கள்வன் கதவை உடைக்கும் சத்தம் கேட்டபின், திறப்பைத் தேடி, பூட்டைத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பக்க வாயிலால் தள்ளி ஏற்றுவதாக உங்கள் திட்டமா? இல்லை, ஏற்றியபடியே கட்டிலுக்குக் கீழே வைப்பதாகத் திட்டமா? இரண்டாவது என்றால், கள்வன் வரும் முன்னரே அந்த வீட்டில் ஒரு குற்றவாளி இருக்கிறார்.

அந்தத் துவக்கின் இயல்பையும் சொல்ல வேண்டும். குழாய்க்குள் ஏற்றிய தோட்டாக்களை இறக்குவதற்கு, ஒவ்வொன்றையும் லீவரால் உள்ளே கொண்டுவந்துதான் வெளியே தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுத்தியல் பின்வாங்கி, சுடத் தயாராக நிற்கும். நவம்பர் மாதக் காட்டில், தோடம்பழ நிற அங்கியோடு, பகல் வெளிச்சத்தில், குழல் மண்ணைப் பார்த்திருக்க ஆறு தடவை இதைச் செய்யும்போதே எனக்கு முழுக் கவனமும் வேண்டியிருக்கிறது. நித்திரைக் கலக்கத்தில், பதறிய கையோடு, படிக்கட்டில் நின்று இதைச் செய்ய நினைத்துப் பாருங்கள். அதன் சன்னம் மானின் விலாவை ஊடுருவவென்று செய்யப்பட்டது. நம் வீடுகளின் உட்சுவரோ இரண்டு ஜிப்சம் பலகை. தவறிய சன்னம் அடுத்த அறையில் படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டித்தான் நிற்கும்.

இவ்வளவும் தெரிந்தபின்னும் ஆசை விடாததற்குக் காரணம் ஒரு பழைய விளம்பரம். 1873ஆம் ஆண்டு வின்செஸ்ரரை "மேற்கை வென்ற துவக்கு" என்று விற்றார்கள். ஹொலிவுட் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. மேற்கு யாரிடமிருந்து வெல்லப்பட்டது என்று அந்த விளம்பரம் சொல்வதில்லை. இங்கே கனடாவிலும் வடமேற்குக் குதிரைப் பொலிஸ் 1878 முதல் ஏந்தியது வின்செஸ்ரரின் 1876 மாதிரியைத்தான். தன் மண்ணில் தானே அந்நியராக்கப்பட்ட ஒரு சனம், தனியொருவன் துவக்கோடு நின்று தன் காணியைக் காக்கும் கதையை இவ்வளவு இலகுவாக நம்புவது எனக்கு விளங்கவில்லை.

மறுபக்கம், துவக்கு என்றாலே முகம் சுளிக்கும் இலக்கிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "அங்கே பட்டது போதாதா?" என்று என்னைக் கேட்கிறார்கள். நம் எழுத்தில் துவக்கு ஒன்றில் விடுதலை, அல்லது சாபம். ஆனால் போருக்கு முந்திய வன்னியில் அது பொருளாகவும் இருந்தது. கமக்காரர் சிலரிடம் லைசென்ஸ் துவக்கு இருந்தது. வேட்டைக்காரரிடம் இடியன் இருந்தது. பன்றி வயலில் இறங்கும் இரவில் அதை எடுப்பார்கள், பிறகு துடைத்து வைப்பார்கள். அந்த வன்னிதான் கட்டுத்துவக்கையும் அறிந்திருந்தது. மிருகம் வரும் தடத்தில் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். கம்பியில் தட்டுப்படுவது பன்றியா, விறகு எடுக்க வந்தவரா என்று கட்டுத்துவக்குப் பார்ப்பதில்லை. காவலுக்கென்று ஏற்றி வீட்டில் வைக்கும் துவக்கும் ஒரு கட்டுத்துவக்குத்தான்.

யார் தட்டுப்படுவார்கள்? கனடாவில் துவக்கால் இறப்பவர்களில் பெரும்பான்மையினர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். இதை விருந்தில் சொன்னால் மேசை அமைதியாகிவிடும், பிறகு யாராவது கிரிக்கெட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். தகவல் தொழில்நுட்பத்தில் எனக்குச் சம்பளம் தருவது, ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துச் சொல்வதற்கு. வீட்டுத் துவக்கைப் பொறுத்தவரை ஆபத்து முன்கதவால் வருவதைவிட உள்ளேயிருந்து வருவதற்கே சாத்தியம் அதிகம்.

துவக்கு உரிமத்துக்கான படிவத்தை எல்லோரும் திட்டுகிறார்கள். பாதுகாப்புப் பாடநெறி, பரீட்சை, முதன்முறை எடுப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. எனக்கு அந்தப் படிவத்தின்மேல் மரியாதை உண்டு. மனச்சோர்வுக்கு மருத்துவம் பெற்றீர்களா என்று அது கேட்கிறது. தற்கொலைக்கு முயன்றதுண்டா, மணமுறிவு நேர்ந்ததா, வேலை போனதா என்று கேட்கிறது. துணைவர் கையொப்பமிட இடம் விடுகிறது. அவர் ஒப்பமிடாவிட்டால் அவருக்கு அறிவித்தல் போகிறது. செல்லடிக்கு ஓடி, முகாமில் கிடந்து, இங்கு வந்து இரண்டு வேலை செய்து, இன்றும் நித்திரையில் கத்தி எழும்பும் அப்பாவிடம் நம் வீட்டில் எவரும் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை. மாதக்கணக்கில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் மகளிடமும் கேட்டதில்லை. "படிப்பு எப்பிடிப் போகுது?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வீடுடைப்புக்குப் பயமென்றால் கதவையும் அதன் சட்டத்தையும் பலமாகப் போடுங்கள். வெளியே வெளிச்சம் போடுங்கள். கார்த் திறப்பை வாசலில் வைக்காதீர்கள். மான் வேட்டையில் உண்மையாகவே விருப்பமென்றால் சொல்லுங்கள், வருகிற நவம்பரில் கூட்டிப்போகிறேன்.

இதற்குப் பிறகும் துவக்கு எடுக்கத்தான் வேண்டுமென்றால், அந்தப் படிவத்தை முதலில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். அந்தக் கேள்விகளுக்கு மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் தங்களைப் பற்றிப் பதில் சொல்லட்டும். நீங்களும் சொல்லுங்கள். எல்லோருடைய பதிலையும் கேட்ட பிறகு கடைக்குப் போவதா இல்லையா என்று முடிவெடுங்கள்.