இரண்டாம் படியின் வாகையர்

குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் கால்பந்து அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது. 1888இல் சிம்லாவில் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி அது. அவ்வணியில் வளர்ந்த கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக்குகளில் ஆடினார். 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். இவ்வளவு பெருமையைக் கண்ட நீலகிரியின் பெயரைத் தாங்கி இன்று தேசிய லீக்கின் மேல்படிகளில் ஓர் அணி இல்லை.

மலைநாட்டுக்குக் கால்பந்து வராது என்று எவரும் சொல்ல முடியாது. தேசிய லீக்கான ஐ-லீக்கின் இரண்டாம் பிரிவு வாகையர் பட்டியலே அதற்குச் சான்று. 2012இல் யுனைடெட் சிக்கிம், 2013இல் ஷில்லாங்கின் ரங்டாஜியேட், 2014இல் அதே ஊரின் ராயல் வாகிங்டோ, 2015இல் ஐஸ்வால், 2017இல் மணிப்பூரின் நெரோகா, 2018இல் ரியல் காஷ்மீர், 2019இல் மீண்டும் மணிப்பூரிலிருந்து டிராவ். இடையே 2016இல் மட்டும் கோவாவின் டெம்போ. கொல்கத்தாவும் கோவாவும் ஆண்டுவந்த ஆட்டத்தில் மலை மக்கள் நுழைந்தது இந்த இரண்டாம் வாசல் வழியாகத்தான்.

அவர்களுள் ஐஸ்வாலின் கதை தனித்து நிற்கிறது. மிசோரத்தில் 2012இல் மாநில லீக் ஒன்று பிறந்தது. உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி ஒன்று அதற்குத் துணைநின்றது. மூன்றே ஆண்டுகளில் ஐஸ்வால் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது. மறு பருவமே கீழிறக்கப்பட்டது. கோவா அணிகள் விலகியதால் மீண்டும் இடம் கிடைத்தது. 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் 1-1 எனச் சமன் செய்து நாட்டின் வாகையர் ஆனது. பயிற்றுநர் காலித் ஜமீல், மும்பை எஃப்.சி.யிலிருந்து வெளியேறி வந்தவர். 2008இல் இரண்டாம் பிரிவின் பட்டம் வென்ற அதே மும்பை எஃப்.சி., ஐஸ்வால் முடிசூடிய பருவத்தில் கடைசி இடத்துக்குச் சரிந்து, பின் கலைந்தே போனது.

படி உறுதியாக இருந்தால் எளியவன் ஏறுவான், வலியவனும் சறுக்குவான். ஆட்டத்தின் அறம் அதுவே. ஆனால் நம் நாட்டில் படியே ஆடிக்கொண்டிருக்கிறது. ராயல் வாகிங்டோ மேல்நிலையில் முதல் பருவத்திலேயே மூன்றாம் இடம் பிடித்தது. பிடித்த கையோடு விலகியது. டெம்போ வென்ற இடத்தை ஏற்கவே இல்லை. 2025இல் ஐ-லீக் பட்டம் யாருக்கு என்பதை மைதானம் முடிவு செய்யவில்லை. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் அதை இன்டர் காசிக்கு அளித்தது. வியர்வை சிந்தி வென்ற பட்டம் யாருக்கு உரியது என்று விளையாடுபவனுக்கே தெரியாத நிலையை நாம் கண்டிக்கிறோம்.

தமிழகத்தின் பெயர் அந்த வாகையர் பட்டியலில் ஒருமுறைகூட இல்லை. சென்னை சிட்டி அணி இரண்டாம் பிரிவின் வழியே ஏறி வரவில்லை. ஐ-லீக்கில் நேரடி நுழைவு பெற்றது. ஆயினும் 2019 மார்ச் 9 அன்று, நீலகிரிக்குக் கீழே உள்ள கோவையில் அது நிகழ்த்தியதை மறக்கலாகாது. கடைசி ஆட்டம், வென்றாக வேண்டும். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் அடித்துவிட்டது. பின்தங்கிய அணி 3-1 என மீண்டு, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் வென்றது. அன்று நேரு மைதானத்தில் எழுந்த முழக்கத்தைக் கேட்டவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். மூன்றாண்டு கழிவதற்குள் அந்த அணி தேசிய லீக்கில் இல்லை. அடித்தளம் இல்லாத கோபுரம் அவ்வளவுதான் நின்றது.

நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து மைதானம் ஒன்றை அண்மையில் கண்டோம். சீகைக் கழிகளை நட்டுக் கோல்கம்பம். ஒரு புறம் மண்மேடு, மறு புறம் தேயிலைச் சரிவு. பந்து உருண்டால் செடிகளுக்குள் இறங்கிப் போக வேண்டும். கவாத்து செய்த தூரில் கால் கிழியும். மூடுபனி இறங்கியதும் எதிர்க்கோல் மறைந்துபோக, பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தி, பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காத்து நின்றார்கள். பனி விலகியதும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்கள். கோல் எண்ணிக்கையை எவனும் மறந்திருக்கவில்லை.

இப்பிள்ளைகளில் ஒருவன் சிறந்து விளங்கினால் அடுத்து எங்கே போவான்? தமிழகத்தின் மேல்நிலைக் கால்பந்து நெடுங்காலமாகச் சென்னையைச் சுற்றியே வருகிறது. நீலகிரியின் கூடலூர்ச் சிறுவனுக்குச் சென்னை ஓர் இரவுப் பயணத் தொலைவு. தங்குமிடம், சாப்பாடு, காலணி என்று கணக்கிட்டால் தந்தையின் பல நாள் கூலி. மாவட்ட லீக்கின் வாகையர் மாநிலப் போட்டிக்கும், மாநில வாகையர் தேசிய லீக்கின் அடிப்படிக்கும் ஆண்டுதோறும் தவறாமல் செல்லும் ஒழுங்கை மாநிலக் கால்பந்துச் சங்கம் எழுத்தில் வகுத்து, அட்டவணையாக வெளியிட வேண்டும். மலை மாவட்ட அணிகளின் பயணச் செலவை அரசு ஏற்க வேண்டும். மழை ஓயும் மாதங்களைப் பார்த்து நீலகிரிக்குத் தனிப் பருவம் குறிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூரில் பந்து உருளாது என்பதைச் சமவெளியில் அமர்ந்து அட்டவணை போடுவோர் அறியவேண்டும்.