நிர்வகிக்க ஆளில்லாத சுவிட்ச்

சென்ற பருவத்தில் ஒருநாள் காலை எங்கள் துறையின் வலையமைப்பு முழுவதும் முடங்கிற்று. ஐந்து நாள்களாக ஓடிக்கொண்டிருந்த என் கணக்கீடு, தரவுகள் இருந்த சர்வருடன் தொடர்பு அறுந்து பாதியில் நின்றது. மாலையில்தான் காரணம் தெரிந்தது: சுவரிலிருந்த இரண்டு போர்ட்டுகளை யாரோ ஒரே கேபிளால் இணைத்துவிட்டிருந்தார். ஈதர்நெட்டில் ஒரு தரவுத்துண்டு இத்தனை முறைதான் சுற்றலாம் என்ற வரம்பு கிடையாது. எல்லாருக்குமான ஒரு செய்தி இத்தகைய வளையத்துக்குள் புகுந்தால், பெருகிப் பெருகி முழு வலையமைப்பையும் அடைத்துவிடும்.

இதைத் தடுக்கும் ‘ஸ்பானிங் ட்ரீ’ முறையை ரேடியா பெர்ல்மன் 1985இலேயே வகுத்துவிட்டார். எங்கள் சுவிட்சிலும் அது இருந்தது, ஆனால் இயக்கப்படவில்லை. சாதாரண சுவிட்சைக் காட்டிலும் பன்மடங்கு விலை கொடுத்து ‘மேனேஜ்டு’ சுவிட்ச் வாங்கினோம். மின்சாரம் கொடுத்துக் கேபிள்களைச் செருகியதோடு வேலை முடிந்ததென்று விட்டுவிட்டோம்.

இதை ஒரு துறையின் கவனக்குறைவு என்று நான் கருதவில்லை. கொள்முதல் முறையிலேயே பிழை இருக்கிறது. அரசு நிறுவனங்கள் பெரும்பாலும் ஜெம் தளத்தில், நிபந்தனைகளுக்குப் பொருந்துவனவற்றுள் விலை குறைந்ததையே வாங்குகின்றன. ஆகவே நிபந்தனையில் எழுதப்படாதது வந்து சேராது. ‘24 பிஓஇ போர்ட்’ என்று மட்டும் எழுதினால், போர்ட்டுக்கு 30 வாட் வீதம் 720 வாட் தேவைப்படும் இடத்துக்கு, மொத்தமே 370 வாட் வழங்கும் சுவிட்சும் விதிப்படி பொருந்திவிடும். கேமராக்களையும் வைஃபை கருவிகளையும் மாட்டிய பிறகே குறை தெரியவரும்.

எனவே, அமைத்துத் தரும் பணியையும் கொள்முதல் நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்பட வேண்டும். கணக்குப் பிரிவு, ஆய்வகம், கேமரா, விருந்தினர் வைஃபை ஆகியவை தனித்தனி வீலேன்களாகப் பிரிக்கப்பட வேண்டும். ஸ்பானிங் ட்ரீ இயங்க வேண்டும். பதிவுகள் தனி சர்வருக்குச் செல்ல வேண்டும். பல சுவிட்சுகளில் உள்ளே இருக்கும் பதிவுகள் மின்சாரம் போனால் அழிந்துவிடும். செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் ஆணை, அரசு நிறுவனங்களும் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும், கணினிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. இறுதியாக, அமைப்புக் கோப்பின் நகலும் எந்தப் போர்ட் எந்த அறைக்குச் செல்கிறது என்ற பட்டியலும் ஒப்படைக்கப்பட்ட பின்னரே பணம் விடுவிக்கப்பட வேண்டும்.

பத்துக் கணினிகளே உள்ள சிறு அலுவலகத்துக்கு இவ்வளவும் வேண்டுமா என்று கேட்கலாம். எல்லாரும் ஒரே பணியைச் செய்யும் இடமென்றால் சாதாரண சுவிட்சே போதும். அதை வாங்குவதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் மேனேஜ்டு சுவிட்ச் வாங்குவதென்றால், அதற்குப் பொறுப்பான ஒருவரையும் குறித்துவிட்டு வாங்குங்கள். கவனிக்க ஆளில்லாமல் தொழிற்சாலைக் கடவுச்சொல்லுடன் கிடக்கும் அத்தகைய சுவிட்ச், உள்ளே நுழைந்த எவரும் கட்டுப்படுத்தக்கூடிய சுவிட்ச் ஆகிவிடுகிறது.

உங்கள் அலுவலகச் சுவிட்சின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று நாளை விசாரித்துப் பாருங்கள். ‘அமைத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்’ என்பது பதிலானால், அதைச் சரிசெய்ய வலையமைப்பு முடங்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.