வரி விளம்பரத்துக்கு ஒரு முகவரி

தமிழ்நாடு அரசின் செய்தித் துறைக்குப் பொறுப்பு வகிக்கும் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,



தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களில், சொல்லுக்கோ வரிக்கோ கட்டணம் பெற்றுக்கொண்டு, படமின்றிப் பொடியெழுத்தில் அச்சிடப்படும் சிறு அறிவிப்புகள் வரி விளம்பரங்கள் எனப்படுகின்றன. வீடு வாடகைக்கு, மனை விற்பனைக்கு, ஆட்கள் தேவை, மணமகன் தேவை, காணவில்லை, பொது அறிவிப்பு என்று தலைப்புவாரியாக வரும் இவற்றைச் செய்தியாக எவரும் கருதுவதில்லை. ஆயினும் தென்காசி, தேனி, பொள்ளாச்சி, கும்பகோணம் போன்ற ஊர்களின் தேநீர்க் கடைகளிலும் சலூன்களிலும் தலையங்கத்தைத் தாண்டிச் செல்லும் கண்கள் இப்பகுதியில் வந்து நிற்கின்றன. இப்பகுதியை நம்பிக் கைமாறும் பணம் பெரிது. இதைச் சான்றாகக் கொண்டு சட்டம் வழங்கும் விளைவுகளும் பெரியவை. அவற்றுக்கு ஈடான பொறுப்பை ஏற்பவர் எவரும் இல்லை என்பதையும், அப்பொறுப்பை உண்டாக்குவதற்கான கருவி ஒன்று தங்கள் துறையின் கையிலேயே இருக்கிறது என்பதையும் இம்மடல் தங்கள் பார்வைக்கு வைக்கிறது.

வரி விளம்பரத்தின் நடை கட்டணத்தால் வெட்டிச் சுருக்கப்பட்ட நடையாகும். "5 சென்ட், வடக்குப் பார்த்த மனை, பஸ் ஸ்டாண்டு அருகில், அப்ரூவ்டு, உடனடிப் பத்திரம், புரோக்கர் தவிர்க்கவும்" என்னும் வகையில் அமையும் அறிவிப்பில், 435.6 சதுர அடி கொண்ட சென்ட் கணக்கும் மனை பார்த்திருக்கும் திசையும் தவறாமல் இடம்பெறுகின்றன. வாங்க வருபவர் முதலில் கேட்பவை அவையே. மனை எந்தக் கிராமத்தின் எந்தப் புல எண்ணில் உள்ளது, விற்பவர் யார், அப்ரூவ்டு என்பது யாருடைய ஒப்புதல் என்னும் மூன்றுமோ காசை மிச்சப்படுத்தும் முயற்சியில் உதிர்ந்துவிடுகின்றன. இவற்றுள் மூன்றாவது கேள்வி சிறியதன்று. நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி., மனைப்பிரிவுக்கு அளிக்கும் முறையான ஒப்புதலும், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தையும் முத்திரையையும் மட்டும் தாங்கிய வரைபடத்தைப் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற பழைய வழக்கமும் அச்சில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்ய 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டு அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. அதன் பின்னும், விளம்பரத்தில் வரும் மனை வரன்முறைப்படுத்தப்பட்டதா இல்லையா என்பதை அதன் வரிகளிலிருந்து அறிய வழியில்லை. 'புரோக்கர் தவிர்க்கவும்' என்று முடியும் விளம்பரங்களில் சிலவற்றைக் கொடுப்பவர்களே புரோக்கர்கள்தாம் என்பதைச் சிற்றூர் வாசகர் அறிவார். அதை அவர் பெரிதுபடுத்துவதும் இல்லை.

நாடாளுமன்றம் இக்குறையை ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் வரம்புக்குள் வரும் மனைப்பிரிவையோ அடுக்குமாடித் திட்டத்தையோ ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த பிறகே விளம்பரப்படுத்தலாம் என்பதும், அவ்விளம்பரத்தில் பதிவெண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் இடம்பெற வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதிகளாகும். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆனால் இத்தகைய எண்களையும் முகவரிகளையும் முழுமையாக அச்சிடும் நேர்மையாளர் கூடுதல் சொற்களுக்குக் கூடுதல் கட்டணமும் அதன்மேல் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் செலுத்த, ஒற்றைக் கைபேசி எண்ணோடு முடித்துக்கொள்பவர் மலிவாகத் தப்பித்துக்கொள்கிறார். உண்மைக்கு அபராதமும் மறைப்புக்குத் தள்ளுபடியும் அளிக்கும் இக்கட்டண முறையை எவரும் வேண்டுமென்றே வகுக்கவில்லை; எனினும் பத்திரிகைத் தொழிலில் அது நிலைத்துவிட்டது, அதைத் திருத்த எவரும் முன்வந்ததாகவும் தெரியவில்லை.

இச்சுருக்கத்தை மிகத் தேர்ந்த முறையில் பயன்படுத்திக்கொண்டது செல்போன் டவர் மோசடியே ஆகும். காலி மனையிலோ மொட்டை மாடியிலோ டவர் அமைக்க இடம் தேவை, முன்பணம் பல லட்சம், மாத வாடகை பல ஆயிரம், குடும்பத்தில் ஒருவருக்குக் காவலர் வேலை என்று இரண்டு மூன்று வரிகளில் விளம்பரம் வரும். அழைப்பவரிடம் முதலில் பணம் கேட்கப்படுவதில்லை. பட்டா நகலும் இடத்தின் புகைப்படமும் மட்டுமே கேட்கப்படும். சில நாள் கழித்து, சாட்டிலைட் சர்வேயில் அவ்விடம் தேர்வாகிவிட்டது என்று தகவல் வரும். அதன் பின்னால் அரசு இலச்சினையோடு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் வழங்கியதாகச் சொல்லப்படும் தடையில்லாச் சான்று வாட்ஸ்அப்பில் வந்து சேரும். பதிவுக் கட்டணம் என்று சில ஆயிரம், ஒப்பந்தப் பத்திரச் செலவு என்று இன்னும் சில ஆயிரம், முன்பணத்தை விடுவிக்க வரி என்று அதைவிடப் பெரிய தொகை எனப் படிகள் ஏறுகின்றன. ஏற்கெனவே கட்டியதை விட்டுவிட மனமில்லாமையே ஒவ்வொரு அடுத்த படிக்கும் ஆளை ஏற்றிவிடுகிறது. டவர் அமைக்கத் தான் எந்தச் சான்றும் வழங்குவதில்லை, எந்தக் கட்டணமும் வசூலிப்பதில்லை என்று டிராய் பொதுமக்களுக்குப் பலமுறை எச்சரிக்கை விடுத்துள்ளது. அவ்வாறிருந்தும் இம்மோசடி பலித்ததற்குக் காரணம் வாசகரின் பேராசை மட்டுமன்று. பத்திரிகையில் வந்திருப்பதால் எவரோ ஒருவர் அதைச் சரிபார்த்திருப்பார் என்னும் நம்பிக்கையும் காரணமாகும். அந்த எவரோ ஒருவர் உண்மையில் இல்லை.

வீட்டு ஒத்தியில் ஏமாற்று இத்தனை நாடகமின்றியே நடக்கிறது. தென் மாவட்டங்களில் ஒத்தி என்றும் பிற பகுதிகளில் போக்கியம் என்றும் வழங்கும் இவ்வேற்பாட்டில், குடியிருப்பவர் மாத வாடகைக்குப் பதிலாகச் சில லட்சம் ரூபாயை உரிமையாளரிடம் மொத்தமாக ஒப்படைத்து, ஓரிரு ஆண்டுகள் குடியிருந்து, காலி செய்யும்போது அதை வட்டியின்றித் திரும்பப் பெறுகிறார். இத்தகைய அனுபவ அடமானத்தைப் பதிவுப் பத்திரத்தின் மூலமே செய்ய வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். நடைமுறையிலோ முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகளோடு காரியம் முடிந்துவிடுகிறது. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானமாக இருந்து, கடன் தவணை தவறினால், உடைமை எடுக்கும் அறிவிப்பை இரண்டு முன்னணி நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்குமாறு, வங்கி வெளியிட வேண்டும் என்று, பிணையச் சொத்தை வங்கிகள் கைக்கொள்வது குறித்த 2002ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. வீடு கிடைக்கும் என்ற விளம்பரமும் வீடு பறிபோகும் என்ற அறிவிப்பும் ஒரே நாளிதழில் வெவ்வேறு மாதங்களில் வரக்கூடும். இரண்டாவதில் ஒத்திக்காரரின் பெயரே இராது.

வேலைவாய்ப்புப் பகுதியில் நிலைமை இவ்வளவு இருண்டதன்று. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்கள் கொடுக்கும் விளம்பரங்களில் ஓவர்லாக் டைலர், செக்கிங், அயர்னிங் என்று வேலையின் பெயரும், பீஸ் ரேட்டா ஷிப்டா என்னும் கூலி முறையும் தெளிவாக இருக்கும். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட் என்னும் கணக்கைப் புதிதாக வருபவரும் சில நாளில் கற்றுக்கொள்கிறார். இங்கே விளம்பரம் தருபவருக்கு ஓர் இடமும் கட்டடமும் இருக்கின்றன. ஏமாற்றப்பட்டவர் திரும்பிச் சென்று நிற்க ஒரு வாசல் இருக்கிறது. 'வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்' என்னும் விளம்பரத்தில் இல்லாதது அந்த வாசலே.

இக்குறைக்குப் பத்திரிகைத் தொழில் முன்பே ஒரு விடை கண்டிருந்தது. விளம்பரம் தருபவர் தம் பெயரை வெளியிட விரும்பாதபோது, நாளிதழ் அலுவலகம் அவருக்கு ஒரு பெட்டி எண் ஒதுக்கும்; பதில்கள் அந்த எண்ணைக் குறித்து அலுவலக முகவரிக்கு வரும்; அலுவலகம் அவற்றைச் சேர்த்து உரியவருக்கு அனுப்பும். மணமக்கள் பகுதியில் பரவலாக இருந்த இம்முறையில் வாசகருக்கு மறைந்திருந்தவர் பத்திரிகைக்கு மறைந்திருக்கவில்லை. அவருடைய முகவரி ஒரு பேரேட்டில் இருந்தது. கைபேசி வந்தபின் பெட்டி எண் தேவையற்றதாகி, அதனோடு அப்பேரேடும் போயிற்று. இன்றைக்குச் சிற்றூர்களில் வரி விளம்பரங்களைப் பெறும் முகவர் பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையோ பயணச்சீட்டு முன்பதிவோ சேர்த்து நடத்துபவர். படிவத்தில் சொற்களை எண்ணிப் பணம் வாங்கிக்கொண்டு, பதிப்புக்கான நேரம் தவறாமல் அனுப்புவதோடு அவர் கடமை முடிகிறது. தருபவர் யார் என்று கேட்க அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடும் அச்சமும் உண்டு.

இவை விற்பனைப் பண்டத்தின் குறைகள் மட்டுமாக இருந்திருந்தால் அரசிடம் முறையிட வேண்டியதில்லை. ஆனால் இதே பொடியெழுத்துக்குச் சட்டம் பெரும் எடை தருகிறது. பிரதிவாதிக்கு நேரில் அழைப்பாணை சேர்க்க இயலாதபோது, அவர் கடைசியாகக் குடியிருந்ததாகவோ தொழில் செய்ததாகவோ அறியப்படும் இடத்தில் புழங்கும் நாளிதழில் அதை விளம்பரப்படுத்தலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஐந்தாம் கட்டளை, இருபதாம் விதி சொல்கிறது. விளம்பரம் வந்துவிட்டால் அழைப்பாணை அவருக்கு நேரில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். மூலப்பத்திரம், அதாவது சொத்து முன்பு கைமாறியபோது எழுதப்பட்ட அசல் ஆவணம், தொலைந்துவிட்டால், காவல் துறையின் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்னும் சான்றும் உள்ளூர் நாளிதழ் விளம்பரமும் வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட 55-அ விதி கேட்டது. அவ்விதியின் முதற்பிரிவு செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதிலும், கடன் தரும் வங்கியும் கிரயம் வாங்குபவரின் வழக்கறிஞரும் அத்தகைய விளம்பரத்தின் பிரதியை வழக்கமாகக் கேட்கின்றனர்.

தென்காசி வட்டாரத்தில் பாகம் பிரியாத நிலம் ஒன்றின் மூலப்பத்திரம் காணவில்லை என்று விளம்பரம் வருகிறது என்று கொள்வோம். அது நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் வரும். அந்நிலத்தில் பங்குள்ள, விளம்பரம் தருபவரின் தங்கையோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அங்கு வருவது வேறு பதிப்பு. குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் பின்னர் உரிமை கோர இயலாது என்று அவ்விளம்பரம் முடியும்போது, அவருக்கு அது எட்டவே இல்லை. ஊரைவிட்டு எவரும் பெயராத காலத்தின் கணக்கை, பாதிக் குடும்பம் வெளியூரில் பிழைக்கும் காலத்திலும் சட்டம் வைத்திருக்கிறது. குறைவாக விற்கும் நாளிதழாகப் பார்த்து இத்தகைய அறிவிப்பைக் கொடுக்கும் தந்திரம் நீதிமன்ற வளாகங்களில் எவருக்கும் புதிதன்று.

விளம்பரங்களின் உண்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்னும் கட்டமிட்ட குறிப்போடு நாளிதழ்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் அச்சிடுபவரைப் பொறுப்பாக்கச் சட்டம் தயங்கியதில்லை: திருமணத்துக்கு ஈடாகப் பணமோ சொத்தில் பங்கோ தருவதாகச் சொல்லும் விளம்பரத்தைக் கொடுப்பவரோடு அச்சிடுபவரையும் வெளியிடுபவரையும் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 4-அ பிரிவு தண்டனைக்குள் கொண்டுவருகிறது, உடலுறுப்பை விலைக்குக் கேட்கும் விளம்பரத்தை உறுப்பு மாற்றுச் சட்டம் கடுங்குற்றமாக வைத்திருக்கிறது. விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்னும் வாதம் எழக்கூடும், எழுவதும் முறையே. தொலைபேசி எண்களோடு விளம்பரங்களைத் தொகுத்த மஞ்சள் பக்கங்கள் தொடர்பான 1995ஆம் ஆண்டின் டாடா பிரஸ் வழக்கில், வணிக விளம்பரமும் அரசமைப்பின் 19(1)(அ) பிரிவின் காப்புக்கு உரியது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அத்தீர்ப்பே, அக்காப்பைத் தகவலைப் படித்துப் பெறும் மக்களின் உரிமையாகவும் கண்டது. ஏமாற்று விளம்பரத்துக்கு அதில் இடமில்லை என்றும் கூறியது. விளம்பரம் தருபவர் யார் என்று பத்திரிகை அறிந்திருக்க வேண்டும் என்பதால் எவருடைய பேச்சும் தடைபடாது.

பத்திரிகைப் பதிவு ஒன்றிய அரசின் பொறுப்பு, பத்திரப் பதிவு மாநிலத்தில் வேறோர் அமைச்சரின் பொறுப்பு என்பதை இம்மடல் மறக்கவில்லை. தங்கள் துறையிடம் இருப்பது அரசு விளம்பரம். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு முதல் விழா வாழ்த்து வரை நாளிதழ்களுக்கு அரசு அளிக்கும் விளம்பரங்கள் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் வழியே செல்கின்றன. அவற்றைப் பெறும் இதழ்கள் சில தகுதிகளை நிறைவு செய்ய வேண்டும் என்னும் முறையும் உண்டு. அத்தகுதிகளோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்தல் போதுமானது. வரி விளம்பரம் தரும் ஒவ்வொருவரின் அடையாளச் சான்றும் சரிபார்க்கப்பட்ட தொலைபேசி எண்ணும் பெறப்பட்டு மூன்றாண்டுகள் பாதுகாக்கப்பட வேண்டும். விளம்பரத்தின் இறுதியில் அப்பதிவுக்கு உரிய எண் அச்சிடப்பட வேண்டும். அந்த எண்ணுக்கும், சட்டப்படி காட்ட வேண்டிய உரிம எண்களுக்கும், புல எண்ணுக்கும் கட்டணம் கணக்கிடக் கூடாது. வீட்டு வேலை தேடும் பெண்ணும், முதிய தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் குடும்பமும் தம் பெயரையும் எண்ணையும் ஊரறியச் செய்யாமல் விளம்பரம் தர, பெட்டி எண் முறை மீண்டும் வேண்டும். இம்முறை அது இணையத்தின் வழியே எளிதாக நடக்கும்.

தொலைந்த பத்திரம், நீதிமன்ற அழைப்பாணை முதலிய பொது அறிவிப்புகளின் ஒரு படியைக் கிராமம், புல எண் வாரியாகத் தேடத்தக்க வகையில், பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கும் இடத்திலேயே வைக்குமாறு உரிய அமைச்சரிடம் தாங்கள் பரிந்துரைக்கலாம். சொத்தின்மீது முன்பு பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றி எவரும் எங்கிருந்தும் இப்போதே பார்க்க முடிகிறது. திருப்பூரில் இருக்கும் தங்கைக்கு எட்டக்கூடிய நாளிதழ் அதுதான்.

சிறிய நாளிதழ்கள் இதைச் சுமையாகக் கருதி எதிர்க்கக்கூடும். அரசு விளம்பரங்களுக்கான தொகை காலந்தாழ்த்தி வருகிறது என்பது அவற்றின் நெடுநாள் குறை. புதிய நிபந்தனையை விதிக்கும் ஆணையிலேயே தொகை வழங்குவதற்கு ஒரு காலவரம்பையும் அரசு தனக்கு விதித்துக்கொண்டால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். ஆணையின் வரைவை எழுதும்போது சென்னையில் உள்ள விளம்பர மேலாளர்களை மட்டும் அழைத்துப் பேசாமல், ஜெராக்ஸ் கடையில் அமர்ந்து சொற்களை எண்ணும் சிற்றூர் முகவர்களையும் அழைக்க வேண்டும். படிவத்தில் எந்தக் கட்டத்தை வாடிக்கையாளர் நிரப்பாமல் நழுவுகிறார் என்பது அவர்களுக்கே தெரியும்.