செங்கோலும் நாற்காலியும்

2023 மே 28இல், தில்லியின் புதிய நாடாளுமன்றத்தில், மடாதிபதிகள் புடைசூழச் செங்கோலை நிறுவினர். 1947இல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவுக்கு அளித்த கோல் அது. முடியரசு மாண்ட நாட்டில் மன்னன் கைக்கோல் எதற்கு?

நாம் காட்டுவது ஒரு மர நாற்காலி! நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1922இல், ஆளுநர் வில்லிங்டன் சென்னைச் சட்டமன்றத்துக்கு வழங்கியது; இன்றும் பேரவைத் தலைவர் அமர்வது. அந்த மன்றமே 1927இல் டாக்டர் முத்துலட்சுமியைத் துணைத் தலைவராக்கியது. தேவதாசிக் குலமென்று இழிக்கப்பட்ட தாயின் மகள் அவர்! எந்த மடம் அவருக்கு மகுடம் சூட்டியது? 1967 ஜூலை 18இல் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிடப் பேரவை தீர்மானித்ததே, எந்த மந்திரத்தின் வலிமையால்?

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் உழவரும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரும் இடும் வாக்கே அப்பேரவையை அமைக்கிறது. அவர்கள் மறுத்தால் ஆண்டவரும் இறங்கியே தீரவேண்டும்.

கோலுக்குப் பணிவோர் அடிமைகள். நாற்காலிக்கு ஆளனுப்புவோர் குடிமக்கள். தோழர்களே, நாம் யார்?